மாரி முழுக்க நின்ற படகு எஞ்சினை ஒரே நாளில் எழுப்பிய கராச்

முல்லைத்தீவுக் கரையில் வெளியில் பூட்டுகிற எஞ்சினுக்கு வேலை செய்ய ஆட்கள் தாராளம். உள்ளே டீசல் எஞ்சின் வைத்த படகென்றால்தான் அலைய வேண்டும். எங்கள் 28 அடிப் படகை ஐப்பசியில் வாடை தொடங்கக் கரையேற்றி விட்டோம், மாசியில் இறக்குவம் என்று ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. முதலில் வந்து பார்த்தவர் டீசல் பம்பைக் கழற்றி யாழ்ப்பாணம் அனுப்பச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பரந்தன் வீதியில் புதுக்குடியிருப்புக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டில் கராச் இருக்கிறது, அதிகம் உழவு மெசினும் தண்ணிப் பம்பும் திருத்துகிற இடம், அங்கே போய்க் கேட்டேன்.

அந்தத் தம்பி ஸ்பானரைத் தொட முதல் கேட்டது இரண்டு கேள்விதான். "அண்ணை, சுத்தேக்க புகை வருதோ? டாங்கியை நிரப்பியே விட்டனீங்கள்?" புகை துளியும் இல்லை, டாங்கி அரைவாசி என்றேன். "அப்ப டீசல் உள்ளுக்குப் போகேல்லை. பம்பைத் தொடவேண்டாம்."

கரைக்கு வந்து டாங்கியின் அடியில் இருந்து கொஞ்சம் டீசலை வெறும் சோடாப் போத்தலில் பிடித்து வைத்தார். பத்து நிமிடத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி, அதற்கும் டீசலுக்கும் நடுவில் பாசி போல மண்ணிறமாக ஒரு வழுவழுப்பு. அரைவாசி டாங்கியின் வெற்றிடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணியாக இறங்கும், அந்தத் தண்ணியில்தான் கிருமி வளர்ந்து பில்டரை அடைக்கும் என்றார். சரி, டாங்கியைக் கழுவி, இரண்டு பில்டரும் மாற்றி, டாங்கிப் பக்கமிருந்து தொடங்கி வரிசையாக எயார் எடுத்தார், அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியே விட்டார். பில்டர் தலையில் குமிழி நிற்கும்வரை கைப்பம்பு, பிறகு பெரிய டீசல் பம்பு, கடைசியாக எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நொசில்களின் நட்டுகளை இளக்கிச் சுற்றவிட்டார். அந்த நேரம் என்னைக் கையைக் கிட்டக் கொண்டுபோக விடவில்லை, அந்த அமுக்கத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

எனக்கு அவரில் மரியாதை வந்தது அதற்குப் பிறகுதான். ஸ்டார்ட் பண்ண முதல், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணி இழுக்கிற கடல்தண்ணிப் பம்பைத் திறந்தார். உள்ளே தண்ணியைத் தள்ளுகிற றப்பர்ச் சக்கரம், இம்பெல்லர், மாதக்கணக்காகக் காய்ந்து, இதழ்கள் ஒரு பக்கம் சாய்ந்தபடியே விறைத்துக் கிடந்தன. இரண்டு இதழ் இல்லை. புதுசைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் உடைந்த துண்டு தண்ணி வழியை அடைத்து எஞ்சினைக் கொதிக்க வைக்கும் என்று குழாய்களைக் கழற்றி, இரண்டு துண்டையும் தேடி எடுத்து என் கையில் வைத்தார். பிறகு தண்ணி இழுக்கிற குழாயை வாளிக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ண மூன்றாம் தரம் பிடித்தது, முதலில் வெள்ளைப் புகை, கொஞ்சத்தில் தெளிந்துவிட்டது.

குறை ஒன்று. படகுச் சாமான் அவரிடம் இல்லை, இம்பெல்லர் வாங்க நான்தான் யாழ்ப்பாணம் ஓடினேன், போகிறவர்கள் முன்னமே வாங்கி வைத்திருங்கள். கூலி நியாயம், மாற்றிய பழைய சாமானையும் தந்துவிடுவார். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், பிந்தினால் வயல் பம்பு பார்க்கக் கிளம்பிவிடுவார்.