ஆணி அடிக்க முடியாத வீட்டுக்கு ஒட்டுக் கொக்கி

வாடகை வீட்டுச் சுவரைத் துளைக்காமல் சாமான் மாட்ட, பின்பக்கம் பசை உள்ள இந்தக் கண்ணாடி நிற பிளாஸ்டிக் கொக்கி நல்ல பொருள்தான். ஆனால் எல்லாமே ஒட்டும் இடத்தைப் பொறுத்தது.

டைல்ஸ், ஸ்டீல் பீரோ, மைக்கா கதவில் அருமையாகப் பிடிக்கும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை பிடிப்பது சுவரை அல்ல, மேல் பூச்சை. கொக்கி விழும்போது பூச்சும் பொருக்காக உரிந்து வரும்.

அடுப்புப் பக்கத்து டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டுத் துடைத்து, காய்ந்ததும் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு இன்னொரு முறை துடையுங்கள். பசையில் விரல் படாமல் ஒட்டி 30 விநாடி அழுத்துங்கள். வெள்ளையாகக் குமிழி தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேல் ஒட்டினால் அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கிப் பசை விட்டுவிடும். 24 மணி நேரம் எதையும் மாட்டாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான்.

அட்டையில் எத்தனை கிலோ போட்டிருந்தாலும் அரைக் கிலோவோடு நிறுத்துவது நல்லது. கரண்டி, வடிகட்டி சரி. புடைத்து நிற்கும் பை கொக்கியை முன்னால் இழுத்து மேல் ஓரத்தைப் பெயர்க்கும்.

மிகவும் பயன்படுவது அலமாரிக் கதவின் உள்பக்கம். இரண்டு கொக்கிகளைச் சற்றே உள்நோக்கிச் சாய்த்து ஒட்டினால் பாத்திர மூடி அதில் உட்கார்ந்துகொள்ளும்.

கழற்ற, ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டி, பின்னால் தையல் நூலை விட்டு அறுங்கள். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.