படுக்கையறைக்குப் புதுக்காற்று: மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

எங்கள் குடியிருப்பு சாலையோரத்தில் இருப்பதால், ஜன்னலைத் திறந்தால் இரைச்சலும் தூசியும், மூடினால் புழுக்கமும் என்றே காலம் போனது. காலையில் தலை கனப்பதற்குத் தூக்கக் குறைவுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தோம். கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு மீட்டரைக் கட்டிலருகே வைத்த பிறகுதான் உண்மை விளங்கியது. வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும் அந்த வாயு, இருவர் கதவடைத்து உறங்கிய அறையில் விடியற்காலை 2,300-ஐத் தாண்டியிருந்தது. ஏசி இரவு முழுவதும் ஓடியது. ஆனால் வீடுகளில் உள்ள பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகள் அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கின்றன. காற்றுச் சுத்திகரிப்பானும் தூசியைப் பிடிக்குமே தவிர, நாம் விட்ட மூச்சை வெளியேற்றாது.

குடியேறிய வீட்டில் கூரையை உடைத்துக் குழாய் பதிக்க மனமில்லாததால், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே செலுத்தும் சுவர்க் கருவியைத் தேர்ந்தெடுத்தோம். விவரத்தாளில் மணிக்கு 150 கன மீட்டர் என்று போட்டிருந்தது. அது உச்ச வேகத்தில் கிடைக்கும் அளவு. அந்த வேகத்தில் யாராலும் உறங்க முடியாது. ஒருவருக்கு மணிக்குச் சுமார் 30 கன மீட்டர் வேண்டும் என்று கணக்கிட்டால், இருவருக்கான 60 கன மீட்டரை, வடிகட்டி பொருத்திய நிலையில், உறக்கத்தைக் கெடுக்காத வேகத்தில் கருவி தருகிறதா என்பதையே வாங்குமுன் கேட்க வேண்டும்.

பொருத்த வந்தவர்கள் சுவர்த்துளையைச் சரிவில்லாமல் மட்டமாகப் போட்டுவிட்டதால், முதல் பெருமழையில் தண்ணீர் உள்ளே வழிந்து சுவரில் பழுப்புக் கறை படிந்தது. துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, உள்ளே வரும் காற்றுக்குப் போக வழியும் வேண்டும். எங்கள் கதவு தரையோடு ஒட்டி மூடும் வகை என்பதால், கருவி ஓடியும் கார்பன் டை ஆக்சைடு அளவு 1,200-க்குக் கீழே இறங்க மறுத்தது. தச்சரை அழைத்துக் கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் சீவிய அன்றிரவே 850-க்கு வந்தது. அந்த ஒரு விரற்கடை இடைவெளிக்காக நாங்கள் இரண்டு மாதம் குழம்பியிருக்கிறோம்!

முன்வடிகட்டியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றுகிறேன். சாம்பல் நிறப் பஞ்சுப்படலமும் அதில் ஒட்டிய கொசுக்களுமாக வரும். நுண்வடிகட்டியை மாற்றச் சொல்லும் விளக்கு, கருவி ஓடிய மணிநேரத்தை மட்டுமே எண்ணுகிறது, அடைப்பை அறிவதில்லை. தூசி மிகுந்த மாதங்களில் மீட்டர் மெல்ல ஆயிரத்தைத் தொடும்போதே, விளக்கு எரியுமுன், மாற்றிவிடுகிறேன்.

குறையும் உண்டு. ஈரப்பதம் மிகுந்த நாட்களில் அந்த ஈரத்தையும் கருவி உள்ளே கொண்டுவருவதால் ஏசிக்கு வேலை கூடுகிறது. புதிதாக வீடு அமைப்பவர்கள், வெளியேறும் காற்றோடு வெப்பத்தையும் ஈரத்தையும் பரிமாறிக்கொள்ளும் இருவழிக் கருவிக்குத் தொடக்கத்திலேயே கூரையில் இடம் ஒதுக்குவது நல்லது. எங்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஆனாலும் கதவடைத்து உறங்கி எழும் காலைகளில் அந்தத் தலைக்கனம் இப்போது இல்லை.