கேமராவுக்காகச் செய்த மாட்சா செட்

நான் வீடியோ எடிட்டர். என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் சாப்பாட்டு வீடியோக்கள்தான். அதனால் இந்த மாட்சா (பச்சைத் தேயிலையை அரைத்த ஜப்பானியப் பொடி) செட்டைப் பிரித்ததுமே ஒன்று புரிந்துவிட்டது: இதை வடிவமைத்தவருக்கு டீ பிடிக்குமோ பிடிக்காதோ, லைட்டிங் நன்றாகத் தெரியும்.

பெட்டிக்குள் 30 கிராம் பொடி உள்ள டின், மூக்கு வைத்த கண்ணாடிக் கிண்ணம், மூங்கில் கலக்கி, அதை நிறுத்தி வைக்க ஒரு பீங்கான் தாங்கி, மூங்கில் கரண்டி, கைக்கடக்கமான சல்லடை. செய்முறைத் தாள் கிடையாது. ஒரு க்யூஆர் கோடு மட்டும். ஸ்கேன் செய்தால் குட்டி ரீல் ஒன்று ஓடும். வாங்கத் தூண்டிய அதே ரீல்தான். விளம்பரம், செய்முறை இரண்டும் ஒன்றே.

டின்னிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் எரிச்சலெல்லாம் அங்கேதான். மூடியில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியவேண்டுமாம். மாட்சாவுக்கு ஆகாதது வெளிச்சம், காற்று, சூடு, ஈரம் ஆகிய நான்கும். பச்சையம் சிதைந்து நிறம் மங்கும், மணம் போகும். தேயிலைச் செடியைப் பறிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பிருந்தே பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். அதனால் இலையில் பச்சையம் கூடுகிறது. தியானின் என்ற அமினோ அமிலம், துவர்ப்பு தரும் கேட்டசின்களாக மாறுவது குறைகிறது. இவ்வளவு பாடுபட்டு வெயிலிலிருந்து காப்பாற்றிய இலையை அரைத்து, ஜன்னல் வைத்த டப்பாவில் போட்டு அலமாரியில் அடுக்கச் சொல்கிறார்கள். வந்த அன்றே வேறு டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

அதனாலும் பெரிய லாபமில்லை. ரீலில் பார்த்த மரகதப் பச்சை டின்னுக்குள் இல்லை. மஞ்சளும் காக்கியும் கலந்த ஒரு பச்சை. ரீலைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்: பின்னணியில் இருக்கிற செடியும், மேசைமேல் கிடக்கும் துணியின் ஓரமும்கூட அதே மரகதப் பச்சை. பச்சையை மட்டும் தனியாகப் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். தொழில் ரகசியமெல்லாம் இல்லை, எந்த எடிட்டரும் அரை நிமிடத்தில் செய்கிற வேலை. நானே கிளையன்ட்டுக்குச் செய்து கொடுக்கிறேன்.

டின்மேல் கொட்டை எழுத்தில் "செரிமோனியல் கிரேடு", அதாவது தேநீர்ச் சடங்குக்கான தரம், என்று போட்டிருக்கிறது. ஜப்பானில் அப்படியொரு அதிகாரப்பூர்வத் தரப் பிரிவே கிடையாது. வெளிநாட்டு விற்பனைக்காகப் புழக்கத்துக்கு வந்த பெயர். யார் வேண்டுமானாலும் எதன்மேல் வேண்டுமானாலும் ஒட்டலாம். உண்மையில் பார்க்கவேண்டியது, எந்த ஊர் இலை (உஜியா, நிஷியோவா, ககோஷிமாவா), முதல் பறிப்பா, எப்போது அரைத்தது என்பதைத்தான். இந்த டின்னில் மூன்றும் இல்லை. ஹேஷ்டேக் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது. கல் எந்திரத்தில் அரைத்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கல் எந்திரம் மணிக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும், வேகம் கூட்டினால் சூடேறி மணம் கெடும். இந்த செட்டின் விலையில் அது கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. விரலில் தேய்த்துப் பார்த்தாலே லேசாக நறநறக்கிறது.

இனி கிண்ணம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அழகு, மறுப்பதற்கில்லை. நுரை ஏறுவதும், ஐஸ்மேலும் பால்மேலும் பச்சை வழிந்து இறங்குவதும் ஃபிரேமில் அப்படியே தெரியும். அடிப்பகுதிதான் குறுகல். கலக்கியை முன்னும் பின்னும் வேகமாக ஓட்ட இடமில்லாமல் நுனி சுவரில் இடிக்கிறது. மெல்லிய கண்ணாடி என்பதால் சூடும் நிற்பதில்லை. 2 கிராம் பொடிக்கு 70 மில்லி தண்ணீர், 80 டிகிரிக்குள் ஊற்றுவது வழக்கம். கலக்கி முடிப்பதற்குள் வெதுவெதுப்பாகிவிடுகிறது.

கண்ணுக்காகக் கிண்ணம் செய்வதைக் குற்றம் சொல்லவில்லை. அது இன்ஸ்டாகிராம் கண்டுபிடித்ததும் அல்ல. பொடித்த தேயிலையை நுரைக்க அடித்துக் குடிக்கிற வழக்கம் சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில் உச்சத்தில் இருந்தது. யாருடைய நுரை வெள்ளை, யாருடையது நெடுநேரம் நிற்கிறது என்று போட்டியே வைத்தார்கள். வெள்ளை நுரை எடுப்பாகத் தெரியவேண்டும் என்றே ஜியான் சூளையின் கறுப்புக் கிண்ணத்தை விரும்பினார்கள். ஆனால் 11-ஆம் நூற்றாண்டில் அதைப் பற்றி எழுதிய சாய் ஷியாங் என்ற அதிகாரி, நிறத்தோடு நிறுத்தவில்லை. கிண்ணம் சற்றே தடிமன், சூடு எளிதில் ஆறாது, அதனால்தான் உகந்தது என்கிறார். பார்வைக்கும் ஆச்சு, வாய்க்கும் ஆச்சு. இந்தக் கண்ணாடியில் இரண்டாவது பாதியை விட்டுவிட்டார்கள்.

மூங்கில் கலக்கியைப் பற்றி நல்லதும் சொல்லவேண்டும். ஒரே மூங்கில் துண்டைக் கீறிச் செய்தது, முடிச்சுகள் சீராக இருந்தன, வெந்நீரில் ஊறவைத்ததும் நுனி அழகாக விரிந்தது. நாரா மாகாணத்தின் தகயாமாவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கையால் இழைக்கும் சாசெனோடு (இந்தக் கலக்கியின் ஜப்பானியப் பெயர்) ஒப்பிட முடியாது. பயன்படுத்தப் பயன்படுத்த உள்வட்டப் பற்கள் ஒவ்வொன்றாக ஒடிந்து டீயில் மிதக்கின்றன. பழகிக்கொள்ள இது போதும். பீங்கான் தாங்கி அலங்காரச் சாமான் என்று நினைத்தேன், அது உண்மையிலேயே கலக்கியின் வடிவத்தைக் காப்பாற்றுகிறது. சல்லடை அருமை. பொடியைச் சலிக்காமல் கட்டி உடையாது என்பதை அந்த ரீல் ஒழுங்காகக் காட்டுகிறது. மணிக்கட்டை மட்டும் அசைத்து அடிக்கவேண்டும் என்பதையும் எழுத்தில் படித்திருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்காது. வீடியோ சொல்லிக்கொடுக்கும், அதிலெல்லாம் எனக்குச் சந்தேகமில்லை.

வேறு ஒன்றையும் அது சொல்லிக்கொடுத்துவிடுகிறது. முதல் கிண்ணத்தை அண்ணியிடம் நீட்டினேன். குடிக்கவில்லை, எட்டிப் பார்த்தார்.

"நுரை முழுசா மூடலையே. தப்பா அடிச்சிருக்கே."

"முதல்ல குடிச்சுப் பாருங்க, அண்ணி."

"வீடியோல இப்படி இருக்காதும்மா. திரும்ப அடி."

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கிலேயே உரசென்கே மரபில் மேற்பரப்பு முழுக்க நுரை நிற்கும். ஒமோதெசென்கேயில் நுரையைக் குறைத்து, ஓரத்தில் பிறை வடிவத்துக்குத் தேநீர் தெரியும்படி விடுவார்கள். இரண்டுமே 16-ஆம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் வழிவந்தவர்கள் நடத்தும் மரபுகள். ஆனால் இன்ஸ்டாகிராம் ஃபீடில் ஏறுவது அடர்த்தியான நுரைதான், ஏனென்றால் மேலேயிருந்து எடுக்கிற ஷாட்டில் அதுதான் எடுபடும். இப்படியே போனால் பிறை நுரை விடுகிறவரை 'செய்யத் தெரியாதவர்' என்று கமென்ட்டில் திருத்துவார்கள். அண்ணி திருத்தியாயிற்று.

சுவை? வெறும் தண்ணீரில் காய்ந்த வைக்கோல் மணமும், நாக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் கசப்பும். நல்ல மாட்சாவில் வரும் அந்தக் குழைவான உமாமி (நாவில் நிற்கும் ஒருவகைச் சாரச் சுவை) இல்லவே இல்லை. குளிர்ந்த பாலும் சர்க்கரையும் சேர்த்தால் தேறுகிறது. நடுராத்திரி மனஅமைதிக்கான பானமாக இதைக் காட்டும் ரீல்களை மட்டும் நம்பவேண்டாம்: 2 கிராம் மாட்சாவில் 60 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கும்.

இந்த மாதிரி செட்டுகள் பெருகுவதற்குக் காரணமும் அந்த ஃபீட்தான். ஜப்பானில் மாட்சா உற்பத்தி 2010-இல் 1,471 டன், 2023-இல் 4,176 டன். அப்படியும் போதவில்லை; 2024 இலையுதிர் காலத்தில் இப்போடோ, மருக்யூ கோயமாயென் போன்ற கியோட்டோவின் பழைய தேயிலை நிறுவனங்களே ஒருவருக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு வைத்தன. புதிதாக நட்ட செடி முழு விளைச்சல் தர ஐந்து ஆண்டுகள் ஆகும். ஒரு ரீல் வைரலாக ஒரு ராத்திரி. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஊர் பெயர் இல்லாத டின்கள் வருகின்றன.

விற்பனைப் பக்கத்தில் ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் குவிந்திருப்பதற்கும் விடை பெட்டிக்குள்ளேயே இருந்தது. பிரிக்கும்போதே வீடியோ எடுத்து டேக் செய்தால் அடுத்த டின்னுக்குத் தள்ளுபடி என்று ஒரு சின்ன அட்டை. படித்துப் பாருங்கள், ஒன்றிலாவது குடித்த பிறகு எழுதியதற்கான அடையாளம் இருக்கிறதா என்று. பெட்டி, ரிப்பன், டின்னின் நிறம், அவ்வளவுதான்.

வீடியோ எடுக்கத்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கிண்ணம் கிடைக்காது. குடிக்கவேண்டும் என்றால் ஊரும் பறிப்பும் எழுதிய சின்ன டின் ஒன்று, ஒரு கலக்கி, ஒரு சல்லடை என்று தனித்தனியாக வாங்குங்கள். வீட்டில் இருக்கிற அகன்ற அடியுள்ள எந்தத் தடித்த கிண்ணமும் போதும். சல்லடைக்கு ஐந்து நட்சத்திரம், கலக்கிக்கு மூன்று, பொடிக்கு ஒன்று. கிண்ணத்தை ஒரு படப்பிடிப்புக்கு எடுத்துப் போயிருக்கிறேன், இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.