அப்பச்சியின் காரும் ஆக்சிஜன் சென்சாரும்: ஸ்கேனரோடு 4 வருடம்

எங்கள் வீட்டுக் கார் 2012 மாடல் பெட்ரோல் வண்டி. அப்பச்சி ஆசையாக வாங்கியது. 1,40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 4 வருடத்துக்கு முன்பு முதல்முறையாக செக் என்ஜின் விளக்கு எரிந்தபோது காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் (கோட்) படிக்கும் ஸ்கேனரில் பி0135 என்று வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போச்சு" என்று மாற்றிக் கொடுத்தார்கள். 3,800 ரூபாய். மூன்றாம் நாள் அதே விளக்கு, அதே கோட்.

அந்த வருத்தத்தில்தான் செல்போனோடு ப்ளூடூத்தில் இணையும் சிறிய இஎல்எம்327 ஸ்கேனரும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கினேன்.

என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளப்பதுதான் ஆக்சிஜன் சென்சார். அது சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் ஒழுங்காக அளக்கும். சீக்கிரம் சூடாகட்டும் என்று உள்ளே ஒரு ஹீட்டர் வைத்திருப்பார்கள். பி0135 அந்த ஹீட்டர் சர்க்யூட்டைப் பற்றிய கோட். ஃபியூஸ், ஒயர், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்), ஹீட்டர் என எதில் கோளாறு என்றாலும் இது வரும். நல்லவேளை, கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதில் ஒரே நிறத்தில் இருந்த இரண்டு ஹீட்டர் ஒயர்களுக்கு நடுவே மீட்டரை வைத்தால் 6 ஓம். ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது! என்ஜினை ஓடவிட்டு வண்டிப் பக்கக் கப்ளரில் பார்த்தேன். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் எலி கடித்திருந்தது. எங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். காரைப் பின்வாசல் வழியாக ஏற்றி, பின்கட்டில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். எலிக்குக் கேட்கவா வேண்டும்? ஒயரைச் சேர்த்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணன், "ஒயரைப் பாக்காம சென்சாரையா மாத்துனாக தம்பி?" என்றார். கூலி 200 ரூபாய்.

அடுத்த வருடம் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார் உண்டு. முன் சென்சாரில் வோல்ட்டேஜ் 0.1-லேயே கிடந்தது; பெட்ரோல் குறைந்தால் இப்படித்தான் வோல்ட்டேஜ் இறங்கும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8-க்கு மேல் தாவியது, விட்டதும் இறங்கியது. அப்படியென்றால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, உண்மையைத்தான் சொல்கிறது. லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) +18, 2,500 ஆர்பிஎம்மில் +5. ஐடிலில் அதிகமாக இருந்து வேகத்தில் குறைந்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். பிசிவி ரப்பர் ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உறிஞ்சும் குழாய்) அடிப்பக்கம் வெடித்திருந்தது. ஹோஸை மாற்றினோம், அவ்வளவுதான்.

சென்சார் நிஜமாகவே கெட்டது போன வருடம்தான். பி0133, மந்தமாக வேலை செய்கிறது என்ற கோட். மைலேஜ் 15-லிருந்து 12-க்கு இறங்கியிருந்தது. சூடான என்ஜினில் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விறுவிறுவென ஏறி இறங்க வேண்டிய வோல்ட்டேஜ் கிராஃப் சோம்பிக் கிடந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த ஸ்கேனரில் நாலைந்து அளவை ஒன்றாகத் திறந்தால் தகவல் மெதுவாகத்தான் வரும், நல்ல சென்சாரும் மந்தமாகத் தெரியும். முன் சென்சாரை மட்டும் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்தேன். பின் சென்சாரில் இந்த ஆட்டத்தை எதிர்பார்க்காதீர்கள், கேட்டலிடிக் கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் அது நிதானமாகத்தான் இருக்கும். வைட்பேண்ட் எனும் வேறு வகை சென்சார் உள்ள வண்டிகளுக்கு இந்த வோல்ட்டேஜ் கணக்கே பொருந்தாது.

சென்சாரைக் கழற்ற 22 எம்எம் ஸ்பானர். மரையில் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு, என்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது திருகினால் இளகும். புதுசின் முனையில் கிரீஸ் படக்கூடாது. பக்கத்தில் சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டும் வேண்டாம், அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

ஸ்கேனரில் குறை இல்லாமல் இல்லை. சில நாள் ப்ளூடூத் இணையவே அடம்பிடிக்கும். வண்டியிலேயே மாட்டி வைத்தால் பேட்டரியை மெல்லக் குடிக்கும், அதனால் பார்த்ததும் கழற்றிவிடுகிறேன். ஸ்கேனரில் கோட் எண்ணை அழிப்பதற்கு முன்பு ஃப்ரீஸ் ஃபிரேமை (கோட் பதிவான நொடியில் என்ஜின் இருந்த நிலையின் அளவுகள்) படம் எடுத்து வைப்பதும் பழக்கமாகிவிட்டது. பி0171 ஐடிலில் வந்தது என்று காட்டிக்கொடுத்தது அதுதான்.

இப்போது மைலேஜ் திரும்ப 15-க்கு வந்துவிட்டது. நெல் மூட்டையை இரண்டாம் கட்டுக்கு மாற்றிவிட்டோம்.