பிரிட்டன் வாக்காளர் பதிவு இணையச் சேவை: நம் கடற்கரையிலிருந்து சென்றவர்களுக்காக ஒரு மதிப்புரை

பிரிட்டன் அரசின் வாக்காளர் பதிவு இணையச் சேவையை, அங்கே வேலை விசாவில் வாழும் இந்தியக் குடிமகனாக நான் பயன்படுத்தியிருக்கிறேன். விடுமுறைக்குக் கீழக்கரை வந்திருக்கும் இந்த நாட்களில், பிள்ளைகளை லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் படிக்க அனுப்பியிருக்கும் உறவினர்களிடம் பேசியபோது, அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே வாக்குரிமை உண்டு என்பதே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சேவையின் தரத்தைச் சொல்வதற்கு முன் அந்த உரிமையைச் சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.

தங்குவதற்கு முறையான அனுமதி பெற்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அனைவரும் பிரிட்டனின் உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமன்றி, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவருக்கும் இது பொருந்தும். நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இலங்கையும் காமன்வெல்த் நாடு என்பதால், மண்டபம் முகாமில் உறவுகளை விட்டுவிட்டு அங்கே வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் இதே உரிமை உண்டு. துபாயிலும் சவூதியிலும் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டுத் திரும்பிய நம் பெரியவர்கள், அங்கே நகராட்சிக்குக்கூட ஒரு வாக்குப் போட்டதில்லை. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று தங்கள் பிள்ளைகளுக்குக் கையில் இருந்தும் வீணாகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

சேவையைப் பொறுத்தவரை, கட்டணம் இல்லை. படிவத்தை முடிக்க ஐந்து நிமிடம் போதும் என்று அரசு சொல்வது உண்மைதான். குடியுரிமை, பிறந்த தேதி, முகவரி, தேசியக் காப்பீட்டு எண் (வேலை, வரிக் கணக்குக்காக அந்நாட்டு அரசு ஒவ்வொருவருக்கும் தரும் எண்) ஆகியவற்றைக் கேட்கும் படிவம், ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்ற முறையில் கைப்பேசியிலேயே நிரப்பும்படி அமைந்திருக்கிறது. வணிக நிறுவனங்களும் வாங்கிக்கொள்ளக்கூடிய திறந்த பட்டியலில் நம் பெயர் வேண்டாம் என்றால், அதை அங்கேயே குறித்துவிடலாம். வாக்குப்பதிவு நாளுக்கு 12 வேலை நாட்கள் முன்பு நள்ளிரவுவரை பதிவு செய்யலாம் என்பதும் நியாயமான அவகாசமே.

ஆனால் பெயர் கேட்கும் பக்கத்தில் இந்தச் சேவை நம்மைப் போன்றவர்களை நினைத்துப் பார்க்கவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாப்பாவின் பெயரே முன்னெழுத்தாக நிற்கிறது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்க, படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கட்டாயமாகக் கேட்கிறது. அங்கே பெயரைப் பிரித்து எழுதிய விதமும், காப்பீட்டு எண் வழங்கியபோது அலுவலகம் பிரித்து எழுதிய விதமும் வேறுபட்டதால், கணினி ஒப்பீட்டில் என் விண்ணப்பம் நின்றுவிட்டது. பாஸ்போர்ட் நகல் கேட்டு உள்ளாட்சி மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. நகலை அனுப்பிய பிறகு, நானாகத் தொலைபேசியில் கேட்கும்வரை எந்தப் பதிலும் இல்லை. இணையத்தில் இவ்வளவு விரைவாக நடக்கும் ஒரு வேலை, மன்ற அலுவலகத்தின் மேசையில் போய் இப்படித் தேங்குவது பெருங்குறை. புதிதாகப் பதிவு செய்பவர்கள், காப்பீட்டு எண் வந்த கடிதத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே நிரப்புவது நல்லது. திருமணத்துக்குப் பின் முன்னெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

வாக்குச்சாவடி அனுபவத்தில் எனக்கு முழுத் திருப்தி. 2023 முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் புகைப்பட அடையாளம் கட்டாயம். இந்திய பாஸ்போர்ட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். காலை 7 மணி முதல் இரவு 10 மணிவரை வாக்குப்பதிவு நடப்பதால், வேலை முடிந்தும் போகலாம். இயந்திரம் இல்லை, விரலில் மை இல்லை. நூலில் கட்டிய பென்சிலால் தாளில் பெருக்கல் குறி இட்டு மடித்துப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் வார்டுக்கு மூன்று உறுப்பினர்கள் என்பதால் மூன்று பேருக்குக் குறியிடலாம். முதல் முறை வருபவர் தயங்கி நின்றால், அலுவலர் பொறுமையாக விளக்குகிறார். குப்பை அள்ளுவது, நூலகத்தைத் திறந்து வைப்பது, முதியோர் பராமரிப்பு என நாம் வரி கட்டிப் பெறும் சேவைகளை அந்த உறுப்பினர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

"அங்கே ஓட்டுப் போட்டால் இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் வராதா?" என்று வாப்பா கேட்டார்கள். ஊரில் பலருக்கும் இந்த அச்சம் இருக்கிறது. வாக்காளராகப் பதிவு செய்வது வேறு, அந்நாட்டுக் குடியுரிமை பெறுவது வேறு. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவரை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான படிவம் 6ஏ மூலம் ராமநாதபுரம் தொகுதிப் பட்டியலிலும் பெயர் சேர்க்கலாம். 2011 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். விமானக் கட்டணத்தை நினைத்தால், அதை எத்தனை பேரால் பயன்படுத்த முடியும்?

பிரிட்டன் சேவை அந்த வகையில் மேலானது. தேர்தல் நேரத்தில் ஊருக்கு வர வேண்டியிருந்தால், நம்பிக்கையான ஒருவரை நமக்குப் பதிலாக வாக்களிக்க நியமிக்கலாம். அதற்கு வாக்குப்பதிவுக்கு 6 வேலை நாட்கள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். நியமிக்கப்படுபவர் தம்முடைய அடையாளத்தைத்தான் காட்ட வேண்டும். அஞ்சல் வாக்கும் உண்டு என்றாலும், வாக்குச்சீட்டு கீழக்கரைக்கு வந்து உரிய நாளுக்குள் திரும்பிப் போய்ச் சேரும் என்று நம்பி இருக்க முடியாது. ஊருக்கு வருபவர்கள் பதிலாள் முறையையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் பரிந்துரை.