பைதானில் தமிழ் தேட ரெஜெக்ஸ்: திருமலையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

திருகோணமலைக் கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், பழைய கடிதங்கள் என்று தட்டச்சு செய்து சேர்த்த கோப்புகளில் ஊர்ப்பெயர் தேடப் பல வருடங்களாகப் பைதான் என்ற நிரல்மொழியின் ரெஜெக்ஸைத்தான், அதாவது தேட வேண்டிய எழுத்துகளின் அமைப்பை ஒரு வரியாக எழுதிக் கொடுக்கும் வசதியைத்தான், பயன்படுத்துகிறேன். எங்கள் ஊரையே திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை என்று மூன்று விதமாக எழுதுவார்கள். மூன்றையும் ஒரே வரியில் தேடிவிடலாம் என்பதற்காகவே இது எனக்குப் பிடிக்கும்.

அந்த வரியை எழுதும்போதுதான் கவனம் வேண்டும். ‘திருக்?கோணமலை’ என்று எழுதினால் ‘திருகோணமலை’ அகப்படாது. கணினிக்குக் ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள். ‘முன்னால் உள்ளது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி’ என்று சொல்லும் கேள்விக்குறி புள்ளியோடு மட்டுமே ஒட்டும். ‘க்’ முழுவதையும் அடைப்புக்குள் சேர்த்து, ‘அல்லது’ என்பதற்கு நிமிர்ந்த கோடு போட்டு, ‘திரு(?:க்)?கோணமலை|திருமலை’ என்று எழுதுவதே சரி.

பைதானோடு வரும் ரெஜெக்ஸ் மொடியூலின் (நிரல் தொகுதியின்) பெரிய குறை, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது சொல்லின் பகுதியாகவே எண்ணுவதில்லை. சொற்களைப் பிரிக்கச் சொன்னால் ‘மூதூர்’ ம, த, ர என்று துண்டுதுண்டாக வருகிறது. சொல் எல்லைக் குறி இன்னும் மோசம். இரு பக்கமும் அதைப் போட்டுத் ‘திருமலை’ என்று தேடினால், தனியே நிற்கும் திருமலையை விட்டுவிட்டுத் ‘திருமலையில்’ என்பதைப் பிடிக்கும். தேடியதற்கு நேர்மாறு! ‘ரெஜெக்ஸ்’ என்ற பெயரிலேயே தனியாக நிறுவக்கூடிய மொடியூல் ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறது. தமிழில் வேலை செய்பவர்கள் முதல் நாளே அதை நிறுவிவிடுங்கள்.

வேற்றுமை உருபுகளுக்கு வேறு வழி வேண்டியதில்லை. புள்ளியை விட்டு ‘மூதூர’ என்று தேடினால் மூதூர், மூதூரில், மூதூருக்கு எல்லாம் வரும். தம்பலகாமம், தம்பலகாமத்தில் போன்றவற்றுக்குத் ‘தம்பலகாம[மத]’ போதும்; சதுர அடைப்புக்குள் உள்ளவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் சரி. இந்த இடத்தில் கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடின் அமைப்பே நமக்குக் கைகொடுக்கிறது, உண்மையில் அழகான விஷயம்.

அப்புறம், ‘கோ’வின் உயிர்க்குறி சில கோப்புகளில் ஒரே குறியீடாகவும் சிலவற்றில் ஏகாரக்குறி, கால் என்று இரண்டாகவும் இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடலில் பாதி காணாமல் போகும். ஆகவே கோப்பைத் திறந்ததும் இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. என்ற யூனிகோட் முறையில் ஒருமைப்படுத்திவிடுகிறேன். ‘ஸ்ரீ’க்கு மட்டும் அது உதவாது. சிலர் ஸகரத்திலும் சிலர் ஶகரத்திலும் தட்டச்சு செய்திருப்பார்கள், ஆகவே ‘[ஸஶ]்ரீ’ என்று இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.