ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் ஆக்சிஜன் வரைபடங்கள்: ஒரு மதிப்புரை

வடநாடுகளின் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலத்தில் ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்று என் மகள் கேட்டபோது, கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் வரைபடங்களைத் திறந்து காட்டினேன். அந்நிறுவனம் அமைந்துள்ள கடலோர ஊரான லா ஹோயாவின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு கோடையில் ஏறி, குளிரில் இறங்கி, ரம்பப் பல்லைப் போல நீள்கிறது; தென்துருவத்தின் கோட்டிலோ அதே ஏற்றம் ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளி வருகிறது. இந்த ஏற்றத்தில் காடுகளுக்கு மட்டுமன்றிக் கடலின் நுண்பாசிகளுக்கும் பங்குண்டு. ஆனால் காற்றில் 20.95 விழுக்காடாகத் தேங்கியிருக்கும் பெரும் இருப்பில் இந்த ஏற்ற இறக்கம் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளே என்பதால், எந்தப் பருவத்திலும் மூச்சுக்குக் குறைவில்லை. அலகுகளைப் பெரியவர் ஒருவர் உடனிருந்து விளக்கினால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது நன்றாகப் புரியும். எரிபொருள் எரிப்பதால் கோடு ஆண்டுதோறும் சற்றே தாழ்வதைக் கண்டு, அவள் விரலால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.